உறைந்த ஏரியில் ஒரு தூண்டில்

தூண்டிலும் கையுமாக நீர்க்கரைக்குப் போவது நம்மவர்க்குப் புதுமையன்று. மாலை வேளைகளில் பண்ணைப் பாலத்தோரம் நூலை வீசிவிட்டுக் காத்திருப்போரை யாழ்ப்பாணம் சென்றவர் யாவரும் கண்டிருப்பர். ஆனால் நீரின்மேலேயே நடந்து சென்று, அதிலே ஒரு துளையிட்டு, அத்துளையினுள்ளே தூண்டிலை இறக்கி மீன் பிடிப்பதென்றால் அது கதையில் வரும் செய்தி போலத் தோன்றுமல்லவா? அந்தக் கதைக்குள் நாமும் ஒருநாள் புகுந்து வந்தோம்.

கனடாவில், ரொறன்ரோ நகரின் கிழக்குப் புறமான ஸ்காபரோவிலே நமது மருமகன் குடியிருக்கிறார். மாரிகாலத்தில் மூன்று மாதம் அவர் வீட்டில் தங்கினோம். தைமாதக் குளிரில் வெளியே தலைகாட்டவே அஞ்சி, யன்னலோரம் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்த நம்மிடம் ஒருநாள், “மாமா, ஐஸிலை மீன் பிடிக்கப் போவமோ? பிள்ளையள் ரெண்டு வருஷமாக் கேக்கினம்” என்றார். அவர் தொழிற்சாலையொன்றில் இருவேளை வேலை செய்பவர். மாதத்தில் ஒரு சனிக்கிழமைதான் அவருக்கு முழு ஓய்வு. அந்த ஒருநாளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க எண்ணினார். பணம் மட்டும் அதிகம் செலவாகக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை.

ரொறன்ரோவுக்கு வடக்கே ஏறக்குறைய ஒருமணி நேரப் பிரயாணத்தில் சிம்கோ ஏரி இருக்கிறது. ஜோன் கிறேவ்ஸ் சிம்கோ என்ற ஆங்கிலேயத் தேசாதிபதி 1793ஆம் ஆண்டில் தமது தந்தையாரின் நினைவாக இட்ட பெயர் அது. பெயர் வருமுன்னரே அங்கு மீன்பிடி இருந்தது. ஏரியின் வடபால் உள்ள அதர்லி நீரிணையில், பூர்வகுடி மக்கள் கம்புகளை நாட்டி மீனை மறித்துப் பிடித்த அடைப்புகளின் எச்சங்கள் 4,500 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. நமது கடனீரேரியில் கம்பு நட்டு வலை கட்டுவோர் அதைக் கண்டால் தங்கள் தொழிலென்றே சொல்வர்.

ஏரி முழுவதும் உறைந்துவிட்டால் மீன்கள் இறந்துபோகாவா என்று மாணவர்கள் கேட்கலாம். இங்குதான் நீரின் விசித்திரம் இருக்கிறது. மற்றப் பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கிக் கனமாகும். நீரோ 4 பாகை சென்ரிகிரேட் வரையுமே சுருங்கும். அதற்குக் கீழே குளிர்ந்தால் மீண்டும் விரியத் தொடங்கும். ஆகவே 4 பாகை நீர் கனத்தால் அடியிலே தங்க, அதிலும் குளிர்ந்த நீர் மேலே நின்று உறைந்து மிதக்கிறது. மேலே உறைந்த பனிக்கட்டி ஒரு கூரைபோல அமைந்து கீழுள்ள நீரைக் காக்கின்றது. அதனடியில் மீன்கள் மாரிகாலம் முழுவதும் இரை தேடித் திரிகின்றன. சிம்கோ ஏரியிலே மஞ்சட் பேர்ச், வெண்மீன், ஏரி ட்றவுட் ஆகியவை பெயர் பெற்றவை. புதிதாகத் தொடங்குவோர்க்குப் பேர்ச் மீனே உகந்தது. கரைக்கு அண்மையிற் கூட்டமாக நிற்கும், இரைக்கு அதிகம் பிகுபண்ணாது.

வாங்கியதும் வாங்காததும்

ஏரியிலே சூடேற்றிய குடிசைகளை வாடகைக்கு விட்டு, துளையும் போட்டு, தூண்டிலும் கொடுப்போர் பலர் உளர். முதன்முறை போவோர்க்கு அதுவே பாதுகாப்பான வழி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஐந்து பேருக்குக் கணக்குப் பார்த்த மருமகன் தலையை ஆட்டிவிட்டார். ஆகவே சொந்தமாகச் சாமான் சேர்க்கும் வேலை தொடங்கியது.

முக்கியமானது பனியைத் துளைக்கும் கருவி. தச்சரின் துறப்பணத்தை ஆளுயரத்துக்கு வளர்த்துவிட்டாற்போல இருக்கும். இயந்திரத்தால் இயங்குவது பலநூறு டொலர். கையால் சுற்றும் பழையதொன்று அயலவரிடம் 40 டொலருக்குக் கிடைத்தது. குட்டைத் தூண்டில்கள் இரண்டு 36 டொலர். துளைக்கருகே அமர்ந்து பிடிப்பதால் இரண்டடி நீளமே போதும். முள், ஈயம், இரைக்குரிய சிறுமீன் யாவும் 12 டொலர். கயிறும் ஆணியும் 7 டொலர். மொத்தம் 95 டொலரோடு கடைக்கணக்கு முடிந்தது. இருக்கைக்கு வெறும் வாளிகளைக் கவிழ்த்துக்கொண்டோம். சாமான்களை இழுத்துச் செல்லப் பிள்ளைகளின் பனிச்சறுக்குத் தட்டு. காலின்கீழ் விரிக்கப் பழைய கம்பளத் துண்டு. இந்தக் கம்பளத் துண்டை அற்பமென்று எண்ண வேண்டாம். குளிர் காற்றால் வருவதினும் பாதத்தால் ஏறுவதே அதிகம் என்பதை அன்று உணர்ந்தோம்.

துளையில் மிதக்கும் பனிச்சில்லுகளை அள்ளி எறியத் துவாரமுள்ள அகப்பை ஒன்று வேண்டும். கடையில் அதற்கும் ஒரு விலை சொன்னார்கள். நாம் வீட்டுக்காரியின் கண்ணகப்பையை மெல்ல எடுத்து வாளிக்குள் வைத்துக்கொண்டோம். ஊரிலிருந்து அவர் கொண்டுவந்த அகப்பை அது.

ஆணி எதற்கு என்று கேட்பீர்கள். தும்புத்தடிக் கம்பில் இரண்டு துண்டு வெட்டி, ஒவ்வொன்றின் நுனியிலும் ஓர் ஆணியை இறக்கி, இரண்டையும் கயிற்றால் இணைத்துக் கழுத்திலே தொங்கவிட வேண்டும். பனி உடைந்து நீரில் விழுந்தவன் வழுவழுத்த விளிம்பைக் கையால் பற்றி ஏற முடியாது. இந்த ஆணிகளைக் குத்திக் குத்தித்தான் ஏற வேண்டும். மனிற்றோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ற் இதற்கு ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். விழுந்தவன் திணறும் மூச்சை அடக்க ஒரு நிமிடம், கைகால்கள் சொன்னபடி கேட்கும் காலம் பத்து நிமிடம், குளிரால் நினைவு தப்ப ஒரு மணி. எனவே முதல் நிமிடத்தில் பதறாமல் மூச்சை ஒழுங்கு செய்து, வந்த திசைக்கே திரும்பி, கால்களை உதைத்து மார்பால் ஊர்ந்து ஏற வேண்டும். ஏறியதும் எழுந்து நில்லாது, உருண்டு உருண்டு கரை சேர வேண்டும். வந்த திசையில்தான் பனி நம்மைத் தாங்கியிருந்தது.

முதற் சனிக்கிழமை

தைமாத முற்பகுதியில், விடியுமுன் புறப்பட்டோம். ஏரியின் தென்புறத்திலுள்ள குக்ஸ் குடா ஆழம் குறைந்தது, முந்தி உறைவது. கரையில் நின்று பார்த்தபோது தூரத்தே முப்பதுபேர் வரை வாளிகளின்மேல் அமர்ந்திருந்தனர். பிள்ளைகளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மருமகன் அவர்களைக் கரையில் நிறுத்திவிட்டு, அலவாங்கால் முன்னே குத்திக் குத்தி நடந்தார். நாம் கயிற்றின் மறுதலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னே நின்றோம். முப்பது யார் தூரத்தில் துறப்பணத்தை வைத்துச் சுற்றினார். நாலைந்து சுற்றில் நீர் பொங்கியது. அளந்து பார்த்தால் 3 அங்குலம். அதிலும் மேல் ஓர் அங்குலம் வெண்பனி.

தெளிந்த பனி, ஒருவர் நடந்து செல்ல, 4 அங்குலமாவது இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தார் கூறும் அளவு. கனடாச் செஞ்சிலுவைச் சங்கமோ 6 அங்குலம் என்கிறது. வெண்பனிக்குப் பலம் பாதியே. அவ்வழியாக வந்த ஒருவர், “தாங்கும், போங்கள், நாங்கள் போகவில்லையா?” என்று சொல்லிச் சென்றார். “அப்பா, அந்த ஆக்கள் எல்லாரும் நிக்கினம்தானே?” என்று பத்து வயதுப் பையன் கரையிலிருந்து கூவினான். மருமகன் சிறிது நேரம் அந்த முப்பது பேரையும் பார்த்தார். பின்னர் துறப்பணத்தைத் தோளில் வைத்துத் திரும்பிவிட்டார்.

வீடு வரும்வரை பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை அப்படிப் போயிற்று. அன்றிரவு மருமகன் நம்மிடம், “பெடியனுக்கு நான் பயந்தாங்கொள்ளி எண்ட எண்ணம் வந்திருக்கும், மாமா” என்றார். நாம் அப்போது ஒரு செய்தியைத் தேடியெடுத்துப் பையனுக்கு வாசித்துக் காட்டினோம். 2009ஆம் ஆண்டு பெப்ருவரியில் அமெரிக்காவின் ஈரி ஏரியிலே, பனி வெடித்து அகன்றதால் நூற்றுக்கு மேற்பட்ட மீன்பிடிகாரர் மிதக்கும் பனித்தட்டில் அகப்பட்டனர். ஹெலிகொப்டரும் படகும் கொண்டு மீட்டார்கள். ஒருவர் உயிரிழந்தார். கூட்டமாக நின்றதனால் அந்தப் பனி அவர்களுக்கு இரங்கவில்லை. பையன் முழுவதும் கேட்டான், பதில் சொல்லவில்லை. மறுநாட் காலையில் ஆணிக் கம்புகளை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எட்டு மீன்

மறுபடி போனது பெப்ருவரி மாதத்துக் குடும்பநாள் வாரவிறுதியில். அந்நாட்களில் கனடாவில் வசிப்போர் அனுமதிப்பத்திரமின்றி ஒன்ராறியோ மாகாணத்தில் தூண்டில் போடலாம். அடையாளச் சான்று கையில் இருந்தாற் போதும். அதனால் மருமகனுக்குச் செலவில்லை. பிறநாட்டவராகிய நாம் ஏறக்குறைய 25 டொலர் கொடுத்து ஒருநாள் அனுமதி பெற்றோம்.

இம்முறை துறப்பணத்தை இருவரும் மாறிமாறிச் சுற்ற வேண்டியதாயிற்று. 14 அங்குலம்! வியர்த்துவிட்டது. வியர்ப்பது நல்லதன்று என்று பின்னர் அறிந்தோம். நனைந்த பருத்தி உடை குளிரை அழைத்து உடலோடு ஒட்டவைக்கும். உள்ளே கம்பளி உடுத்தி, வேலை செய்யும்போது ஒரு மேலங்கியைக் கழற்றிவிடுவதே முறை. சிலர் கூடாரமடித்து உள்ளே அடுப்பு மூட்டியிருந்தனர். காற்றுப் போகும் வழியை அடைத்துவிட்டால் அந்த அடுப்பின் நஞ்சுவாயு மணமின்றியே ஆளைக் கொல்லும். நமக்கோ கூடாரமில்லை, அந்தப் பயமுமில்லை; காற்று மட்டும் இருந்தது.

நடுவில் ஏரி முழங்கியது. அடிவயிற்றிலிருந்து எழுவது போன்ற ஒரு நீண்ட ஓசை, ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஓடியது. நாம் எழுந்து நின்றுவிட்டோம். சுற்றியிருந்தவர் எவரும் தலை நிமிரவில்லை. வெப்பநிலை மாறும்போது தடித்த பனி விரிந்து சுருங்கிச் சத்தமிடுவது வழக்கமாம். அந்தச் சத்தத்துக்கு நாம் கடைசிவரை பழகவில்லை.

ஒருமணி நேரம் ஒன்றுமில்லை. பின்னர் பையனின் தூண்டில் நுனி தலையசைத்தது. இரையை அடியில் தட்டவிட்டு ஒரு சாண் உயர்த்தி, மெல்ல ஆட்டி, அசையாது பிடித்தால் அப்போது கவ்வும் என்பதை அவனே கண்டுபிடித்திருந்தான். மஞ்சள் உடலில் கரும்பட்டைகள், செந்நிறச் செட்டை, முதுகிலே முள். உள்ளங்கை நீள மீன் பனியின்மேல் இரண்டு தரம் துள்ளியது, பின் அப்படியே விறைத்தது. அதன்பின் கூட்டம் வந்துவிட்டது போலும். அரைமணி நேரத்துக்குள் எட்டு மீன். வந்த வேகத்திலேயே கூட்டம் போயும்விட்டது.

அன்று மாலை மிளகாய்த்தூளும் மஞ்சளும் உப்பும் பிரட்டி எட்டையும் பொரித்தார்கள். முள் குறைந்த, இனிப்பான வெள்ளைச் சதை. மருமகனின் மூத்த மகள் கணக்கு வைப்பவள். சாமான் 95, அனுமதி 25, ஆக 120 டொலர். எட்டால் வகுத்தால் ஒரு மீன் 15 டொலர் என்று மேசையில் அறிவித்தாள். துறப்பணம் இன்னும் பத்து வருடம் உழைக்குமே என்று மருமகன் வாதாடினார்.

அப்போது அடுக்களையிலிருந்து வீட்டுக்காரியின் குரல் வந்தது: “பொரியலை எடுக்கக் கண்ணகப்பையைக் காணேல்லை. ஆராவது கண்டனீங்களோ?”

பையன் நம்மைப் பார்த்தான். பன்னிரண்டடி நீருக்குள், மூன்றாவது துளையின் கீழே அது கிடப்பதை அறிந்தவர் நாமிருவர்தாம். பேத்தி பென்சிலை எடுத்து, “அதன் விலை என்ன?” என்று கேட்டாள்.