செங்குத்துச் சரிவுக்கு எந்த எண்?

ஊட்டியிலிருந்து எமரால்டு போகும் வழியில், முத்தொரையின் மலைச்சரிவு ஒன்றில் அரைக் கிலோமீட்டருக்கும் மேலாக நீண்டு கிடக்கிறது ஊட்டி ரேடியோ தொலைநோக்கி. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் 1970இல் கட்டி முடித்தது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். தென்னிந்தியாவில் இடம் தேடி, இந்தச் சரிவைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஸ்வரூப் முடிவு செய்ததற்குக் காரணம் உண்டு. வடக்கு தெற்காக ஓடும் இந்தச் சரிவின் கோணம் சுமார் 11 பாகை. ஊட்டியின் அட்சரேகையும் அதுவே. அதனால் தொலைநோக்கியின் நீண்ட அச்சு, பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. அந்த ஒரே அச்சில் மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தால் போதும், வானத்தில் ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகப் பின்தொடரலாம்.

பூஜ்ஜியத்தால் வகுத்தால் என்ன விடை என்று கேட்பவர்களை இந்தச் சரிவுக்குத்தான் அழைத்துவர வேண்டும். பள்ளியில் படித்த சாய்வு நினைவிருக்கும்: ஏற்றத்தைக் கிடைத்தூரத்தால் வகுப்பது. இந்தச் சரிவில் 520 மீட்டர் கிடையாகப் போனால் சுமார் 100 மீட்டர் ஏறுவோம். சாய்வு ஐந்தில் ஒன்று, கிட்டத்தட்ட 0.2.

இப்போது இதே தொலைநோக்கியை வேறு ஊர்களில் கட்டுவதாகக் கற்பனை செய்வோம். பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை மாறக் கூடாது. நிலநடுக்கோட்டில் அது தரையில் சமமாகப் படுத்திருக்கும். சாய்வு 0. வடக்கே போகப் போக நிமிரும். 45ஆம் பாகையில் சாய்வு 1. 89ஆம் பாகையில் 57.29. 89.9இல் சுமார் 573. 89.99இல் சுமார் 5,730. துருவத்தில் செங்குத்தாக நிற்கும். ஏற்றம் 530 மீட்டர், கிடைத்தூரம் பூஜ்ஜியம். 530ஐ 0ஆல் வகுக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம்.

இத்தனை வேகமாக எண்கள் பெருகுவதைப் பார்த்ததும் ‘முடிவிலி’ என்று சொல்லிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். துருவத்தைத் தாண்டி மறுபக்கம் ஒரு பாகை சாய்ந்தால் சாய்வு மைனஸ் 57.29. அந்தப் பக்கத்திலிருந்து செங்குத்தை நெருங்கினால் மைனஸ் 573, மைனஸ் 5,730 என்று எதிர்த்திசையில் ஓடுகிறது. ஒரே செங்குத்துக் கோடு. ஒரு பக்கம் வந்தால் மேலே போகிறது, மறுபக்கம் வந்தால் கீழே போகிறது. எந்த ஓட்டத்தின் முடிவை விடை என்று எடுத்துக்கொள்வது?

ஓட்டத்தை விட்டுவிட்டு நேராகவே பார்ப்போம். வகுத்தல் என்பது பெருக்கலைத் திருப்பிக் கேட்கும் கேள்வி. 530ஐ 0ஆல் வகுத்தால் என்ன என்பதன் பொருள், எந்த எண்ணை 0ஆல் பெருக்கினால் 530 வரும் என்பது. எதைப் பெருக்கினாலும் 0தான் வரும். அது ஏன் அப்படி என்று கேட்கும் மாணவருக்கும் பதில் இருக்கிறது. 0ஐயும் 0ஐயும் கூட்டினால் 0. ஆகவே ஓர் எண்ணின் 0 மடங்கோடு இன்னொரு 0 மடங்கைக் கூட்டினாலும் அதே 0 மடங்குதான். தன்னோடு தன்னைக் கூட்டியும் மாறாத எண் பூஜ்ஜியம் ஒன்றே. கூட்டல், பெருக்கல் இரண்டையும் இணைக்கும் அடிப்படை விதியிலிருந்து இது தானாக வருகிறது. ‘பூஜ்ஜியத்தால் வகுக்கக் கூடாது’ என்று கட்டளையாகச் சொல்லிக் கடந்துபோகும் வகுப்பறைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் நிரூபித்துக் காட்டக்கூடிய ஒரு முடிவு அது.

ஆனால் செங்குத்துக் கோடு என்று ஒன்று இருக்கிறதே! அதன் கோணம் 90 பாகை. அதில் எந்தச் சிக்கலும் இல்லை. வகுத்துக் கேட்டதால் வந்த சிக்கல் இது. கேள்வியைத் தலைகீழாக்கி, ஒரு மீட்டர் ஏற எத்தனை மீட்டர் போக வேண்டும் என்று கேட்டால் செங்குத்துக்கு விடை 0. இப்போது சிக்கல் துருவத்தை விட்டு நிலநடுக்கோட்டுக்கு இடம்பெயர்ந்துவிடும். நம் ரயில்வேக்காரர்கள் சரிவைச் சொல்வது இந்த முறையில்தான். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் மலை ரயிலின் உச்சச் சரிவு 12க்கு 1. சமதளத்துக்கு இந்தக் கணக்கில் எண் கிடையாது. இந்திய ரயில் பாதைகளின் ஓரத்தில் நிற்கும் சரிவுக் கம்பங்களைக் கவனியுங்கள். ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் எண் எழுதியிருக்கும். சமதளத்தில் எண்ணுக்குப் பதில் ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து மட்டும் இருக்கும், லெவல் என்று பொருள்பட. அங்கே எண் இல்லை என்பதை நேர்மையாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

எண் இல்லாத இடத்தில் ஒரு குறியை வைப்பதைக் கணிதமும் செய்துபார்த்திருக்கிறது. செங்குத்துக் கோட்டின் சாய்வுக்கு ‘முடிவிலி’ என்று ஒரே ஒரு புதுப் புள்ளியைச் சேர்த்து, எண்கோட்டின் இரு முனைகளையும் அதில் முடிச்சுப் போட்டுவிடுவது. மேலே ஓடியதும் கீழே ஓடியதும் ஒரே இடத்தில் சந்தித்துவிடுகின்றன. 19ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ரீமன் கலப்பெண்களின் தளம் முழுவதையும் இப்படி ஒரு கோளமாகச் சுருட்டினார். அந்தக் கோளத்தில் 1ஐ 0ஆல் வகுத்தால் முடிவிலி என்று தாராளமாக எழுதலாம். அதற்கு விலை உண்டு: முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழிக்க முடியாது, முடிவிலியைப் பூஜ்ஜியத்தால் பெருக்க முடியாது. 0ஐ 0ஆல் வகுத்தால் என்ன என்பதற்கு அங்கேயும் விடை இல்லை.

அந்தக் கடைசிக் கணக்கு முற்றிலும் வேறு ரகம். எமரால்டு பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் எடைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 6 பேர் சேர்ந்து 150 கிலோ பசுந்தேயிலை பறித்தால் ஆளுக்குச் சராசரி 25 கிலோ. யாருமே வரவில்லை, ஆனால் 150 கிலோ எடை போட்டதாக எழுதியிருந்தால் எந்தச் சராசரியும் பொருந்தாது. கணக்கே தப்பு. அடைமழையில் யாரும் வரவில்லை, இலையும் இல்லை என்றால்? சராசரி 25 கிலோ என்றாலும் பொருந்தும், ஏனென்றால் 25இன் பூஜ்ஜிய மடங்கு பூஜ்ஜியமே. 40 என்றாலும் பொருந்தும். 7,000 என்றாலும் பொருந்தும். ஆளே வராத இந்த இரண்டு கணக்குகளில் முதலாவதில் ஒரு விடையும் இல்லை, இரண்டாவதில் எல்லா எண்ணும் விடை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘வரையறுக்கப்படாதது’ என்று ஒதுக்கிவிடுகிறோம்.

கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படித்த சீனிவாச ராமானுஜன் இந்த இடத்தைத்தான் தொட்டார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் 1, மூன்று பழங்களை மூன்று பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்று என்று ஆசிரியர் விளக்க, பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுத்தாலும் ஒன்றா என்று அந்தச் சிறுவன் கேட்டானாம்.

ராமானுஜனுக்கு முன்பே இந்த மண்ணில் அந்தக் கேள்வி நெடுநாள் நடமாடியிருக்கிறது. பூஜ்ஜியத்துக்குக் கணக்கு விதிகளை முறையாக எழுதிய பிரம்மகுப்தர், 628இல் 0ஐ 0ஆல் வகுத்தால் 0 என்றார். மற்ற எண்களுக்கு, பகுதியில் பூஜ்ஜியம் உள்ள பின்னம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். 9ஆம் நூற்றாண்டில் மகாவீரர், பூஜ்ஜியத்தால் வகுத்தால் எண் மாறாது என்றார். அது சரியில்லை. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் பூஜ்ஜியத்தால் வகுத்து வருவதற்குக் ‘ககரம்’ என்று பெயரிட்டு, எதைக் கூட்டினாலும் கழித்தாலும் மாறாத அளவு என்றார். பிரளயத்தில் உயிர்கள் புகுந்தாலும் படைப்பில் வெளிவந்தாலும் மாறாத அனந்தனோடு அதை ஒப்பிட்டார். அவருடைய லீலாவதியில் எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று உண்டு: ஓர் எண்ணைப் பூஜ்ஜியத்தால் பெருக்கி, அதில் பாதியை அதனோடு கூட்டி, மூன்றால் பெருக்கி, பூஜ்ஜியத்தால் வகுத்தால் 63. எண் எது? பூஜ்ஜியத்தால் பெருக்கியதை உடனே பூஜ்ஜியமாக்கிவிடாமல் நிறுத்திவைத்து, பின்னால் வகுக்கும்போது இரண்டையும் அடித்துவிடுகிறார். விடை 14. இன்றைய விதிப்படி இது செல்லாது. ஆனால் அந்தப் பூஜ்ஜியங்களின் இடத்தில் மிகமிகச் சிறிய எண் ஒன்றை வைத்துப் பார்த்தால் அதே 14 வருகிறது.

நுண்கணிதத்தின் உயிரே அந்தச் சிறிய எண்ணில்தான் இருக்கிறது. மலை ரயில் இந்த நொடியில் என்ன வேகத்தில் போகிறது? ஒரே கணத்தில் கடந்த தூரம் 0, ஆன நேரம் 0. தூரத்தையும் நேரத்தையும் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே போய், அவற்றின் விகிதம் எந்த எண்ணை நெருங்குகிறது என்று பார்க்கிறோம். 0ஐ 0ஆல் வகுத்தால் எந்த எண்ணும் வரலாம் என்ற தளர்வு இங்கே பலமாகிறது. எப்படி நெருங்கினோம் என்பதைச் சொன்னால், அவற்றில் எந்த எண் என்று தெரிந்துவிடும்.

கணினிக்கு இத்தனை நிதானம் கிடையாது, ஏதாவது ஒரு பதிலை உடனே சொல்லியாக வேண்டும். 1997 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படையின் யார்க்டவுன் போர்க்கப்பலில் ஒரு தரவுக் கட்டத்தில் 0 பதிவானது. மென்பொருள் அதனால் வகுக்க முயன்று சிக்கிக்கொள்ள, உந்துவிசை நின்றுபோய்க் கப்பல் சுமார் இரண்டே முக்கால் மணி நேரம் கடலில் அசையாமல் கிடந்தது. பின்ன எண்களுக்கென 1985இல் வகுத்த ஐஇஇஇ 754 தரநிலை இதைவிட நுட்பமானது. அதில் பிளஸ் பூஜ்ஜியம், மைனஸ் பூஜ்ஜியம் என இரண்டு உண்டு. முதலாவதால் 1ஐ வகுத்தால் பிளஸ் முடிவிலி, இரண்டாவதால் வகுத்தால் மைனஸ் முடிவிலி. முத்தொரைத் தொலைநோக்கியைத் துருவத்தில் நிறுத்தியபோது பார்த்த இரு பக்கங்கள்தாம் இவை. 0ஐ 0ஆல் வகுத்தால் ‘எண் அல்ல’ என்ற குறி வரும். அந்தக் குறி தனக்குத் தானே சமமில்லை என்பதும் தரநிலையில் உண்டு.

2004இல் கணிதவியலாளர் யெஸ்பர் கார்ல்ஸ்ட்ரோம் ‘சக்கரம்’ என்ற கணித அமைப்பை விரிவாக வகுத்தார். அதில் எதையும் எதாலும் வகுக்கலாம், பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தாலும்கூட. ஆனால் ஓர் எண்ணிலிருந்து அதையே கழித்தால் பூஜ்ஜியம் என்பது அங்கே எப்போதும் உண்மையில்லை. கணித நிரூபணங்களைச் சரிபார்க்கும் ‘லீன்’ என்ற மென்பொருள் இன்னும் எளிய வழியில் போகிறது. எந்த எண்ணையும் 0ஆல் வகுத்தால் 0 என்பது அதன் மரபு. 0ஐ 0ஆல் வகுக்கும் கணக்கில் மட்டும் அது பிரம்மகுப்தரோடு ஒத்துப்போகிறது. அப்படியானால் 5ஐ 0ஆல் வகுத்தால் 0 என்பதைத் திருப்பி, 0ஐ 0ஆல் பெருக்கினால் 5 என்று கிளம்ப முடியுமா? முடியாது. வகுத்த எண்ணைத் திரும்பப் பெருக்கினால் பழைய எண் கிடைக்கும் என்ற தேற்றத்தைப் பயன்படுத்தப் போகும்போது, பகுதி பூஜ்ஜியமில்லை என்று முதலில் நிரூபி என்று லீன் கேட்கும்.