நரம்பு சொல்லாததை இரத்தம் சொல்லும்

மார்பில் வலி கண்டால் வைத்தியரிடம் ஓடுகிறோம். வலியே காணாவிட்டால்? நீரிழிவுக்காரர் விஷயத்தில் இது வேடிக்கைக் கேள்வியன்று. இரத்தத்தில் நெடுநாள் சர்க்கரை மிகுந்திருந்தால் நரம்புகள் பழுதுபட்டு, இருதயம் படும் வேதனையை அறிவிக்கும் சக்தியை இழந்துவிடுவதுண்டு. மாரடைப்பு வந்து போனதே சிலருக்குப் பின்னொரு நாள் இ.ஸி.ஜி. எடுக்கும்போதுதான் தெரியவருகிறது.

நரம்பு ஊமையானாலும் இரத்தம் பேசுகிறது. 1988-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் பன்றியின் மூளையிலிருந்து ஒரு நுண்ணிய புரதத் துணுக்கைப் பிரித்தெடுத்தார்கள். மூளையில் கிடைத்ததால் அதன் பெயரையே சூட்டினார்கள். பிறகு ஆராய்ந்தால், அதை ஏராளமாகச் சுரப்பது இருதயத்தின் கீழறைகள் என்று தெரிந்தது! பெயர் என்னவோ ஒட்டிக்கொண்டது; பி.என்.பி. என்பதன் முதலெழுத்து மூளையைக் குறிக்க வந்ததே.

இருதயச் சுவர் பாரம் தாங்காமல் விரியும்போது இத்துணுக்கு இரத்தத்தில் கலந்து, உப்பையும் நீரையும் சிறுநீர் வழியே போக்கிச் சுமையைக் குறைக்கப் பார்க்கிறது. இதனுடன் பிறக்கும் என்.டி.புரோ பி.என்.பி. இரத்தத்தில் அதிக நேரம் தங்குவதால், அளக்கச் சௌகரியமானது. ஒரு மில்லி லிட்டரில் 125 பிக்கோகிராமை எட்டினால் வைத்தியர்கள் விழித்துக்கொள்கிறார்கள். பிக்கோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு!

"தெரிந்துகொண்டு என்ன லாபம், கவலைதானே மிச்சம்?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2013-இல் வியன்னா நகரத்து வைத்தியர்கள் இதற்கு விடை தந்தார்கள். இருதய நோய் இல்லாதிருந்தும் இந்த அளவு 125-ஐத் தாண்டியிருந்த 300 நீரிழிவுக்காரரை இரு பாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதியாருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவருக்கு அதனுடன், இரத்த அழுத்தத்துக்கு வெகுகாலமாகக் கொடுத்துவரும் மருந்துகளையே படிப்படியாக உயர்த்தினார்கள். இரண்டாண்டில், இருதய நோயால் ஆஸ்பத்திரி சேர்வதும் மரணமும் இவர்களிடையே 65 சதவிகிதம் குறைந்தன. சிறு கூட்டமே எனினும், அலட்சியம் செய்யத்தக்க பலனன்று.

2022-இல் அமெரிக்க நீரிழிவு சங்கம், நீரிழிவுக்காரருக்கு ஆண்டுக்கொரு முறையாவது இப்பரீட்சையோ, இருதயத் தசை நைந்தால் கசியும் டிரோபோனின் பரீட்சையோ செய்யும்படி கூறியது.

ஆனால் காகிதத்திலுள்ள எண்ணைப் பார்த்து நாமே தீர்ப்புச் சொல்வதற்கில்லை. முதுமையிலும், சிறுநீரகம் தளர்ந்தாலும் பி.என்.பி. கூடும். ஸ்தூல சரீரிகளுக்கோ குறைவாகவே காட்டும். ஆகையால் பருத்த தேகமுடையவர் குறைந்த எண்ணைக் கண்டு மகிழ்ந்துபோய் வைத்தியரைப் பார்க்காமல் இருந்துவிடலாகாது.