வயலுக்குள் ஒரு பொதுவழி

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் லோயர் ஸ்லாட்டர், அப்பர் ஸ்லாட்டர் என இரண்டு சிற்றூர்கள் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் புல்வெளிகளின் ஊடாக சுமார் ஒரு மைல் நடந்தே போகலாம். இப்படிப்பட்ட ஒற்றையடிப் பாதைகள் பெரும்பாலும் தனியார் நிலத்தில்தான் போகின்றன. ஆனாலும் நடப்பவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நிலக்காரரின் பெருந்தன்மையை மட்டும் நம்பியிருந்தால் இவற்றில் பல என்றோ மறைந்திருக்கும், காப்பாற்றியது சட்டம்தான். மக்கள் 20 ஆண்டுகள் தடையில்லாமல் உரிமையோடு நடந்த வழியைப் பொதுவழி என்றே சட்டம் கருதுகிறது. அத்தகைய வழிகளை வரைபடத்தில் பதிய வேண்டும் என்று 1949-இல் வந்த சட்டம் கட்டாயமாக்கியது. பதிவான பாதையைப் புல் மூடினாலும் உரிமை அழியாது.

உழைத்துப் பயிரிடுபவருக்கு இது அநியாயம் இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வயலின் குறுக்கே போகும் நடைபாதையை அவர் உழுதுகொள்ளலாம். விதைப்புக்காக உழுதால் 14 நாட்களுக்குள், குறைந்தது 1 மீட்டர் அகலத்துக்கு அதைச் சீராக்கித் தந்தால் போதும். மந்தை தப்பிவிடும் என்ற பயத்துக்கும் வழி உண்டு. பல வேலிகளில் சிறு வளைவுக்குள் ஆடும் கதவு இருக்கிறது: உள்ளே நுழைந்து, ஓரமாக ஒதுங்கி, கதவை எதிர்ப்பக்கம் தள்ளினால்தான் வெளியேறலாம். மனிதருக்கு அது எளிது, மாட்டால் முடியாது. பாதையையே இடம் மாற்ற விரும்பும் நிலக்காரர் உள்ளாட்சியிடம் விண்ணப்பிக்கலாம். ஊரார் ஆட்சேபித்தால் அதையும் கேட்டாக வேண்டும்.