20 நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு விட மேலே வரும் மீன்... 2,200 எப்படி 20,000 ஆனது?

3 மீட்டர் நீளம், 200 கிலோ எடை வரை வளரக்கூடிய ஆற்று மீன் இது. அமேசான் பகுதியில் பிரருக்கு என்கிறார்கள். நம்ம ஊர் மீன் காட்சியகங்களில் 'அரபைமா' என்று பார்த்திருப்பீர்களே, அதேதான். அளவுக்கு மீறிப் பிடித்ததால் இந்த மீன் வேகமாகக் குறைய, பிரேசிலின் அமேசோனாஸ் மாநிலத்தில் 1996-ல் இதைப் பிடிக்கவே தடை வந்தது.

தடை போட்டதும் மீன் பெருகிடுச்சா? அதுதான் இல்லை. அவ்வளவு பெரிய காட்டில், ஆயிரக்கணக்கான ஏரிகளுக்குக் காவல் போட அதிகாரிகள் ஏது? திருட்டுத்தனமாகப் பிடிப்பது தொடர்ந்தது.

1999-ல் மமிரௌவா என்ற பாதுகாக்கப்பட்ட பகுதியில் வேறு வழியை முயன்றார்கள். ஏரிகளை அங்குள்ள மீனவ கிராமங்களே காவல் காக்க வேண்டும். பதிலுக்கு, அளவோடு பிடித்து விற்க அரசு அனுமதி தரும்.

தண்ணிக்குள்ள இருக்கிற மீனை எப்படி எண்ணுவது?

எத்தனை பிடிக்கலாம்னு முடிவு பண்ண, எத்தனை இருக்குன்னு முதலில் தெரியணுமே! இதற்கான விடை மீனவர்களிடமே இருந்தது.

பிரருக்குவுக்கு செவுள் மட்டும் போதாது. காற்றை உறிஞ்ச சுமார் 20 நிமிடத்துக்குள் ஒருமுறை மேலே வந்தே ஆக வேண்டும். அப்போது கேட்கும் சத்தத்தையும் தெரியும் முதுகையும் வைத்தே அது பெரிய மீனா, குட்டியா என்று சொல்லிவிடுவார்கள் அனுபவமுள்ள மீனவர்கள். ஏரியைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு பகுதியில் 20 நிமிடம் எண்ணுவார்கள். பிறகு அடுத்த பகுதி. அவ்வளவுதான்.

இதை நம்பலாமா என்ற சந்தேகம் வரத்தானே செய்யும்? ஆய்வாளர் லியாண்ட்ரோ காஸ்டெல்லோ, மீன்களைப் பிடித்து அடையாளம் போட்டுவிட்டுத் திரும்பப் பிடிக்கும் அறிவியல் முறையோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டு கணக்கும் நெருக்கமாகவே வந்தன. செலவோ பல மடங்கு குறைவு.

இப்போது விதி இதுதான்: வளர்ந்த மீன்களில் அதிகபட்சம் 30 சதவீதம் மட்டுமே பிடிக்கலாம். ஒன்றரை மீட்டருக்குக் குறைந்ததைத் தொடக்கூடாது. டிசம்பர் முதல் மே வரை இனப்பெருக்க காலம், வலையே போடக்கூடாது.

பலன் கிடைத்ததா?

மமிரௌவாவில் முதலில் எண்ணிய ஏரிகளில் சுமார் 2,200 ஆக இருந்த மீன்கள், 8 ஆண்டுகளில் 20,000-ஐ தாண்டின. ஜுருவா ஆற்றுப் பகுதியில் 2016-ல் வெளியான ஆய்வு இன்னும் தெளிவாகச் சொல்கிறது. கிராமத்தினர் காவல் காத்த ஏரிகளில் சராசரியாக 300-க்கு மேல் பிரருக்கு. யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்றிருந்த ஏரிகளில்? வெறும் 9!

இந்த வருமானத்தில் பெண்களுக்கும் பங்கு உண்டு. முன்பெல்லாம் மீனைச் சுத்தம் செய்யும் அவர்கள் வேலைக்குத் தனிக்கூலி என்ற பேச்சே அரிது.

யார் செலவில் இந்தக் காவல்?

இங்கேதான் சிக்கல். ஏரி வாயில் மிதக்கும் குடிசை கட்டி, ராத்திரி பகலா முறை வைத்துக் காக்கிறார்கள். பெட்ரோல், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. மீனைப் பிடிப்பது வருஷத்தில் சில நாள்தான், காவலோ வருஷம் முழுக்க. ஆனால் இடைத்தரகர் கொடுக்கும் விலையில் அந்த உழைப்புக்குக் கணக்கே இல்லை. திருட்டு மீனும் அதே சந்தைக்கு வருவதால் விலை இன்னும் இறங்குகிறது.

உயிருக்கும் ஆபத்து உண்டு. இதே மாநிலத்தின் ஜவாரி பள்ளத்தாக்கில், திருட்டு மீன்பிடிப்பைக் கண்காணிக்கப் பழங்குடிகளுக்குப் பயிற்சி கொடுத்து வந்த புரூனோ பெரேராவும், அவருடன் சென்ற பிரிட்டிஷ் பத்திரிகையாளர் டாம் ஃபிலிப்ஸும் 2022 ஜூன் 5-ல் கொல்லப்பட்டது உலகம் முழுக்க செய்தியானது. அங்கே திருடப்பட்ட மீன்களில் முக்கியமானது பிரருக்குதான்.