திருகாணியா, நூலா?

பேராதனையிலிருந்து கம்பளைக்குப் போகும் ஏ5 வீதியில், கெலிஓயாவைத் தாண்டும் மோட்டார் சைக்கிள் ஒன்று மழையில் சறுக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மடங்கிய முழங்கால் தாரில் மோதும்போது கீழ்க்கால் எலும்பு பின்னோக்கித் தள்ளப்படும். அதைத் தடுத்து நிறுத்துவது மூட்டுக்குள் இருக்கும் பின்சிலுவை நார். சிலருக்கு அந்த நார் அறுவதில்லை. வேரோடு மண்ணைப் பெயர்த்துக்கொண்டு சாயும் மரத்தைப்போல, தான் ஊன்றிய எலும்புத் துண்டையே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

சைக்கிளில் விழும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் முன்சிலுவை நாரில் இது நடக்கிறது. வளரும் எலும்பு நாரைவிட மென்மையானது. மேயர்ஸ், மெக்கீவர் என்ற இருவர் 1959இல் இதை வகைப்படுத்தினார்கள். துண்டு இடம் பெயராவிட்டால் பிளாஸ்டர் போதும். முழுதாகக் கழன்றிருந்தால் சத்திரசிகிச்சைதான். துண்டின் முன்பக்கம் மட்டும் தூக்கி நிற்பதில்தான் வைத்தியர்களுக்குள் இன்னும் வாதம்.

துண்டைத் திரும்பப் பொருத்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 4 மில்லிமீட்டர் அளவான திருகாணி. வேலை விரைவாக முடியும், பிடியும் உறுதி. ஆனால் துண்டு பெரிதாக, ஒன்றாக இருக்கவேண்டும். சிறிதென்றால் முடுக்கும்போதே நொறுங்கும். பின்னாளில் திருகாணியைக் கழற்ற இன்னொரு முறை படுக்க வேண்டியும் வரலாம். மற்றது, பலமான நூலை நாரின் அடியில் கோத்து, எலும்பில் துளைத்த இரு மெல்லிய வழிகளால் கீழே இழுத்து முடிவது. நேரம் எடுக்கும், கைப்பழக்கமும் வேண்டும். ஆனால் நொறுங்கிய துண்டையும் அது அணைத்துப் பிடிக்கும். பிள்ளைகளின் வளர்தட்டைத் திருகாணி கடந்தால் கால் வளர்ச்சியே கெடக்கூடும். நூலில் அந்தப் பயம் குறைவு.

சிறு துளையில் கமெரா விட்டுச் செய்வதுதான் உயர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முன்சிலுவை நாருக்கு அது நல்லதுதான்: துண்டுக்கடியில் சிக்கிய குருத்தெலும்பையும் விடுவிக்கலாம். பின்சிலுவை நாருக்கோ, முழங்காலின் பின்புறத்தைத் திறந்து திருகாணி போடும் பழைய முறையும் ஏறத்தாழ அதே பலனைத் தருகிறது, செலவும் குறைவு. பெரிய ஒற்றைத் துண்டுக்குத் திருகாணி, நொறுங்கியதற்கும் பிள்ளைகளுக்கும் நூல் என்பதே என் கட்சி.

எந்த முறையானாலும் பிறகு மூட்டு இறுகிப்போவதுதான் பெரிய தொல்லை. வைத்தியர் சொன்ன நாளில் பயிற்சியைத் தொடங்காவிட்டால் கால் மடங்காது.

விழுந்த சில மணி நேரத்துக்குள் முழங்கால் வீங்கினால் எண்ணெய் போட்டு உருவவேண்டாம். பேராதனை போதனா வைத்தியசாலை பக்கத்தில்தான் இருக்கிறது; அன்றே போய் ஓர் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள்.