சக்கரம் எழுப்பும் ஒலிகள்

மைசூரு நகரின் தென்கிழக்கே சாமுண்டி மலை அமைந்துள்ளது. நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் உள்ளது. மலையுச்சியோ ஏறத்தாழ 1060 மீட்டர் உயரமுடையது. கோயிலில் வழிபட்டு, நந்தி சிலையைக் கண்டு, மகிழுந்தில் கீழிறங்குவோர் பலர். அவ்வாறு இறங்குகையில், பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் சக்கரத்தருகே கீச்சென்று ஓர் ஒலி எழுவதுண்டு. காலை எடுத்தவுடன் அது நின்றுவிடும். வண்டி ஓடுகிறதே என்று அதனைப் பொருட்படுத்தாதவர்களே மிகுதி.

ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு மகிழுந்து அம்மலையிலிருந்து நகருக்கு இறங்கும்போது, ஏறத்தாழ 28 லட்சம் ஜூல் ஆற்றலை இழந்தாக வேண்டும். ஒன்பது லிட்டர் நீரைக் கொதிக்கவைக்க அவ்வாற்றல் போதும். அதில் ஒரு பகுதியைக் காற்றும் எஞ்சினும் ஏற்றுக்கொள்கின்றன; எஞ்சியதைப் பிரேக்குகளே வெப்பமாக மாற்றுகின்றன. முன்சக்கரத்துடன் சேர்ந்து சுழலும் இரும்பு வட்டுக்கு டிஸ்க் என்று பெயர். அதனை இருபுறமிருந்தும் அழுத்திப் பிடிப்பவை பிரேக் பேடுகள். பேடு தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பொருள். அது தேய்வது பழுதன்று, தேய்ந்தபின்னும் மாற்றாதிருப்பதே பழுது.

பேடுகள் பலவற்றில் ஒரு சிறு எஃகுத் தகடு பொருத்தப்பட்டிருக்கும். பேடு மெலிந்ததும் அத்தகடு டிஸ்கை உரசிக் கீச்சொலி எழுப்பும். மாற்றும் காலம் வந்துவிட்டது என்பதே அதன் பொருள். தூசி படிந்தாலும் இத்தகைய ஒலி எழலாம் என்பதால், பேடின் கனத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். கீச்சொலி மாறிக் கரகரவென்று அரைக்கும் ஒலி கேட்டால், பேடு முழுவதும் தேய்ந்து, அதன் பின்புறத் தகடே டிஸ்கை அரைக்கிறது என்று கொள்ளலாம். பேடோடு முடிந்திருக்க வேண்டிய செலவு அப்போது டிஸ்குக்கும் நீள்கிறது. வண்டி நிற்பதற்கான தொலைவும் கூடிவிடுகிறது.

எல்லா ஒலியும் அஞ்சத்தக்கதன்று. மழையில் இரவு முழுவதும் நின்ற வண்டி, காலையில் முதன்முறை பிரேக் பிடிக்கும்போது கரகரக்கும். டிஸ்கின் மேல் படிந்த மெல்லிய துரு இரண்டு மூன்று முறை மிதித்தவுடன் நீங்கிவிடும், ஒலியும் நீங்கும். சரளைக்கல் பாதையில் சென்றுவந்தபின் காது கூசும்படி உரசல் கேட்டால், டிஸ்குக்கும் அதன் தூசிமறைப்புக்கும் இடையே ஒரு சிறு கல் சிக்கியிருக்கக்கூடும். ஓட்டுநரை மிகவும் கலங்கச் செய்யும் இவ்வொலிக்குக் காரணம் பெரும்பாலும் அக்கல்லே!

மாறாக, மெல்லிய ஒலியொன்று பெருங்கேட்டைக் குறிக்கலாம். பிரேக்கைத் தொடாதபோதும், வேகம் கூடக் கூட 'ஊம்' என்ற முனகல் வளருமானால், சக்கர பேரிங்கை ஐயுற வேண்டும். வண்டியைச் சற்றே இடப்புறம் திருப்பும்போது எடை வலப்புறச் சக்கரங்களின்மேல் சாய்கிறது. அப்போது முனகல் கூடினால் பழுது வலப்புறத்தில் இருக்கலாம். ஒழுங்கின்றித் தேய்ந்த டயரும் இவ்வாறே முனகும். ஆனால், சாலையின் தளம் மாறினால் டயரின் ஒலியும் மாறும். பேரிங்கின் ஒலி அவ்வளவாக மாறாது. வண்டியை முழுவதும் திருப்பும்போது மட்டும் டக் டக் என்று கேட்பது, முன்சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் இணைப்பு தேய்ந்ததைக் காட்டும். சக்கரம் மாற்றிய சில நாளில் தடதடவென்று கேட்டால், வண்டியை உடனே நிறுத்தி நட்டுகளைப் பார்க்க வேண்டும்.

கரகர, தடதட போன்றவற்றை இலக்கணம் இரட்டைக்கிளவி என்கிறது. இவற்றைப் பிரித்தால் பொருள் தராது. கன்னடத்திலும் இத்தகைய ஒலிக்குறிப்புச் சொற்கள் உள்ளன. அம்மொழி இலக்கணம் அவற்றை அனுகரணாவ்யயம் என்று வழங்குகிறது. 'ஏதோ சத்தம் வருகிறது' என்பவரைவிட, 'மிதிக்கும்போது மட்டும் கரகரக்கிறது' என்பவரின் வண்டியில் மெக்கானிக் பழுதை விரைவாகக் கண்டுபிடிப்பார்.

ஒலியே இல்லாத ஆபத்தும் ஒன்றுண்டு. மைசூரிலிருந்து பந்திப்பூர் வழியாக உதகைக்குச் செல்வோர் மசினகுடியைக் கடந்து கல்லட்டி மலைப்பாதையில் ஏறுவர். அப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. விபத்துகள் மிகுந்தமையால், வெளியூர் வாகனங்கள் அவ்வழியே கீழிறங்குவதற்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பேடுகள் அளவுகடந்து சூடேறிப் பிடிப்பை இழக்கும். பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழிகள் தோன்றினால் மிதி தளர்ந்து கீழே அமுங்கும். அப்போது கீச்சொலியோ கரகரப்போ எழ வேண்டுமென்பதில்லை; கருகிய நாற்றம் மட்டும் வரலாம். ஏறுவதற்குப் பயன்பட்ட தாழ்ந்த கியரிலேயே இறங்கினால் வேகத்தை எஞ்சின் அடக்கும். பிரேக்கை இடையிடையே மிதித்தால் போதும். நாற்றம் வந்தால் பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரங்கள் தாமாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். விரைவில் ஆறட்டும் என்று நீரை ஊற்றினால், சூடான டிஸ்க் கோணிவிடவோ விரிசல் காணவோ கூடும்.