கண்தசை வெஸ்டிபுலர் மறுவினைச் சோதனை

கண்தசை வெஸ்டிபுலர் மறுவினைச் சோதனை என்பது, காதினுள் உரத்த ஒலியைச் செலுத்தி, அதனால் கண் தசையில் தோன்றும் நுண்ணிய மின்மாற்றத்தைப் பதிவு செய்து, உட்செவியின் சமநிலை உறுப்பு செயற்படும் விதத்தை அறியும் மருத்துவச் சோதனையாகும். இது சுருக்கமாக ஓவெம்ப் எனப்படுகிறது. தலைச்சுற்றலின் காரணத்தைக் கண்டறிய இது உதவுகிறது.

உட்செவியும் சமநிலையும்

ஒவ்வொரு உட்செவியிலும் சமநிலையை உணரும் ஐந்து உறுப்புகள் உள்ளன. மூன்று அரைவட்டக் கால்வாய்கள் தலையின் சுழற்சியை உணர்கின்றன. யூட்ரிக்கிள், சாக்யூல் என்னும் இரு சிறு பைகள் நேர்கோட்டு அசைவையும் புவியீர்ப்பையும் உணர்கின்றன. காதினுள் நீர் செலுத்திச் செய்யப்படும் வெப்பச் சோதனை முதன்மையாகக் கிடைக் கால்வாயையே ஆராய்கிறது. யூட்ரிக்கிளின் நிலையை அதனால் அறிய இயலாது. அக்குறையை ஓவெம்ப் நிறைவு செய்கிறது.

உரத்த ஒலி உட்செவிப் பாய்மத்தை அசைக்கும்போது யூட்ரிக்கிளும் தூண்டப்படுகிறது. அத்தூண்டல் சமநிலை நரம்பின் மேற்பிரிவு வழியாக மூளைத்தண்டை அடைந்து, மறுபக்கக் கண்ணின் கீழ்ச் சாய்தசைக்குச் செல்கிறது. எனவே வலக் காதின் மறுவினை இடக் கண்ணின் கீழே பதிவு செய்யப்படுகிறது.

வரலாறு

ஒலி சமநிலை உறுப்பைத் தூண்டவல்லது என்பதை இத்தாலிய அறிவியலாளர் பியெட்ரோ துல்லியோ புறாக்களின் அரைவட்டக் கால்வாயில் துளையிட்டுச் செய்த ஆய்வுகளால் காட்டி, 1929 இல் வெளியிட்டார். 1992 இல் ஆத்திரேலியாவின் கோல்பாட்ச், ஹல்மாகி ஆகியோர் ஒலியால் கழுத்துத் தசையில் எழும் மறுவினையை விவரித்தனர். கழுத்துச் சோதனை முதன்மையாகச் சாக்யூலையும் நரம்பின் கீழ்ப்பிரிவையும் காட்டுவதாகும். கண் தசை மறுவினை குறித்த ஆய்வுகள் 2005 முதல் வெளிவந்தன.

செய்முறை

இரு கண்களின் கீழும் தோலின்மேல் மின்வாய்கள் ஒட்டப்படுகின்றன. நோயாளி தலையை அசைக்காமல் மேல்நோக்கிப் பார்க்க வேண்டும். அப்போது கீழ்ச் சாய்தசை மின்வாய்க்கு அருகில் வருகிறது. பொதுவாக 500 ஹெர்ட்சு அதிர்வெண் கொண்ட குறுகிய ஒலிகள் பலமுறை எழுப்பப்பட்டு, பதிவுகளின் சராசரி எடுக்கப்படுகிறது. ஒலி எழுந்து ஏறத்தாழ 10 மில்லிநொடியில் எதிர்மின் முகடு ஒன்று தோன்றும். அதன் அளவு சில மைக்ரோவோல்ட்டுகளே ஆகும்.

பயன்கள்

சமநிலை நரம்பின் மேற்பிரிவு அழற்சியுற்றால் கண் மறுவினை குறையும் அல்லது மறையும். கழுத்து மறுவினை மாறாதிருக்கலாம். இவ்வாறு இரு சோதனைகளும் சேர்ந்து பாதிப்பின் இடத்தைக் காட்டுகின்றன.

மேல் அரைவட்டக் கால்வாயை மூடிய எலும்பில் துளை ஏற்படும் நோயை 1998 இல் அமெரிக்க மருத்துவர் லாயிடு மைனரும் அவருடன் பணியாற்றியோரும் விவரித்தனர். இந்நோயாளர்களுள் சிலருக்குத் தம் கண்ணசைவின் ஓசையும் காதில் கேட்கும். உரத்த ஒலியால் தலைசுற்றும். கேள்விச் சோதனையில் இது நடுச்செவி எலும்பு இறுகும் நோயைப் போலத் தோன்றக்கூடும். அதனால் தேவையற்ற நடுச்செவி அறுவை செய்யப்படும் இடர் உண்டு. எலும்பு இறுகிய காதில் காற்றுவழி ஒலிக்கான மறுவினை பெரும்பாலும் எழாது; துளையுள்ள காதிலோ அது வழமையைவிடப் பெரிதாக எழும். சி.டி. படத்துடன் இச்சோதனையும் சேரும்போது நோய் உறுதியாகிறது.

வரம்புகள்

நடுச்செவி பழுதடைந்திருந்தால் சமநிலை உறுப்பு நலமாக இருந்தும் மறுவினை தோன்றாது. அப்போது நெற்றி எலும்பில் அதிர்வு கொடுத்துச் சோதிக்கலாம். முதுமையில் மறுவினை இயல்பாகவே குறைகிறது. உரத்த ஒலி கேட்டலைப் பாதிக்கக்கூடும் என்பதால் ஒலியின் அளவும் நேரமும் கட்டுப்படுத்தப்படுகின்றன. இச்சோதனை கேட்டலை அளப்பதன்று; உட்செவிப் பழுதால் முற்றிலும் செவிடானவரிடத்தும் மறுவினை எழலாம்.